கார்ட்டூனுக்கும் ஒரு வரலாறு உண்டு!



தலைப்பைப் பார்த்ததுமே உங்களில் பாதிப் பேர் சிரித்திருப்பீர்கள். “கார்ட்டூனா? அது சின்னப் பசங்க பார்க்கிறதாச்சே! அதுல என்ன வரலாறு, அதுல என்ன ஆராய்ச்சி?” என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் இந்தப் பக்கத்தைக் கடைசி வரை படித்துவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.

கோயில், கோட்டை, கல்வெட்டு, ஓலைச்சுவடி இவற்றையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். சரிதான். கார்ட்டூன் படங்களையும், அவற்றை வரைந்தவர்களின் கதைகளையும் அதே அக்கறையோடு தேடிக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

வினாடி வினாவுக்கு ஒரு கேள்வி

உலகின் முதல் முழுநீள கார்ட்டூன் படம் எது? பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் சட்டென்று கை தூக்குவார்கள்: “வால்ட் டிஸ்னியின் ஸ்னோ ஒயிட், 1937!”

இந்தப் பதில் சரியில்லை. 1937-க்கு இருபது வருடம் முன்னாலேயே, 1917-ல், தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினா நாட்டில் ‘எல் அப்போஸ்தோல்’ என்று ஒரு படம் வந்தது. அதை எடுத்தவர் கிரினோ கிறிஸ்தியானி. இத்தாலியில் பிறந்து சின்ன வயதிலேயே அர்ஜென்டினாவுக்குக் குடிபோனவர். அட்டையில் உருவங்களை வெட்டி, கை வேறு கால் வேறாக அசைத்து அசைத்துப் படம் பிடித்தார். அப்போது அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்த இரிகோயனைக் கிண்டல் செய்த படம் அது. ஆக, முதல் முழுநீள கார்ட்டூனே குழந்தைகளுக்காக எடுத்தது இல்லை, பெரியவர்களுக்கான அரசியல் நையாண்டி! “கார்ட்டூன் என்றால் சின்னப் பசங்க சமாச்சாரம்” என்கிற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

சரி, அந்தப் படத்தை நாம் பார்க்கலாமா? முடியாது. 1926-ல் ஏற்பட்ட தீ விபத்தில் அது எரிந்துபோனது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதே கிறிஸ்தியானி 1931-ல் ‘பெலுதோபொலிஸ்’ என்று ஒலியோடு ஒரு முழுநீள கார்ட்டூன் எடுத்தார். அதுவும் இன்று இல்லை.

பிறகு அந்தப் படங்கள் இருந்தன என்பதே நமக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் ஆராய்ச்சி வருகிறது. ஜியான்னல்பெர்தோ பெந்தாஸி என்ற இத்தாலிய ஆய்வாளர் பழைய ஆதாரங்களைத் தேடினார். வயதான காலத்தில் இருந்த கிறிஸ்தியானியையே நேரில் சந்தித்துப் பேசினார். கிறிஸ்தியானி 1984-ல் இறந்துபோனார். இன்னும் சில வருடம் தாமதம் ஆகியிருந்தால் அவர் வாயால் கேட்டிருக்க முடியாது. படம் போனாலும் படத்தின் வரலாறாவது தப்பியது. நாம் மட்டும் இன்னும் ஸ்னோ ஒயிட் என்றே எழுதிக்கொண்டு இருக்கிறோம்!

எப்படித் தொலைந்தன?

பழைய கார்ட்டூன்கள் அழிந்ததற்குக் காரணம் ஒன்று இரண்டு அல்ல.

முதல் காரணம் படச்சுருளே. 1950 வாக்கில் வரை சினிமாவுக்குப் பயன்பட்டது நைட்ரேட் படச்சுருள். இது சுலபமாகத் தீப்பிடிக்கும். வேதியியல் படிப்பவர்கள் கவனியுங்கள்: எரிவதற்குத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். தீப்பிடிக்காவிட்டாலும் சும்மா இருக்காது. வருடக்கணக்கில் இருந்து பிசுபிசுத்து, கடைசியில் தூளாகிவிடும். அதற்குப் பின்னால் வந்த அசிட்டேட் படச்சுருள் அவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்காது. ஆனால் வெயிலும் ஈரமும் பட்டால் வினிகர் வாடை அடித்துச் சுருங்கிவிடும்.

இரண்டாவது காரணம் பணம். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி இருக்கிறது. “ஓடி முடிந்த படம்தானே” என்று வெள்ளிக்காகவே படங்களை அழித்தார்கள். கார்ட்டூன் வரைந்த ‘செல்’ என்கிற கண்ணாடி போன்ற தாள்களையும் விடவில்லை. படம் பிடித்து முடிந்ததும் மையைக் கழுவிவிட்டு அதே தாளில் அடுத்த படத்தை வரைந்தார்கள். சிலேட்டை அழித்து எழுதுகிற மாதிரி!

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அலட்சியம். “கார்ட்டூன்தானே, போனால் போகிறது” என்ற நினைப்பு. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகம் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்த நாட்டு முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 சதவீதம் அழிந்துவிட்டன என்று அது சொன்னது. பெரிய நடிகர்கள் நடித்த படங்களுக்கே இந்தக் கதி. மெயின் படத்துக்கு முன்னால் ஏழெட்டு நிமிடம் ஓட்டிய கார்ட்டூனை யார் பத்திரப்படுத்துவார்கள்?

வின்சர் மெக்கே என்ற அமெரிக்க ஓவியர் 1914-ல் ‘கெர்ட்டி’ என்ற டைனோசர் படத்தை எடுத்தார். கம்ப்யூட்டர் கிடையாது. ஆயிரக்கணக்கான தாள்களில் ஒவ்வொரு அசைவையும் கையால் வரைந்தார். மேடையில் அவர் நிற்பார், பின்னால் திரையில் கெர்ட்டி வரும். “கும்பிடு” என்றால் தலை தாழ்த்தும். திட்டினால் அழும். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். படம் தப்பிப் பிழைத்தது. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான தாள்களில் மிஞ்சியது சில நூறுதான். அதே டைனோசரைக் காப்பியடித்து வேறு யாரோ எடுத்த போலிப் படம் ஒன்றும் உலவியது. எது அசல், எது போலி என்று பிரித்துச் சொன்னவர்களும் ஆய்வாளர்கள்தான்.

தொலைந்தது கிடைத்த கதை

அழிவுக் கதை மட்டும் சொன்னால் போதுமா? நல்ல கதைகளும் உண்டு.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண் கலைஞர் இருந்தார். கறுப்புத் தாளைக் கத்தரியால் வெட்டி நிழலுருவங்கள் செய்து, மூன்று வருடம் உழைத்து, 1926-ல் ‘இளவரசர் அஹமதின் சாகசங்கள்’ என்ற முழுநீளப் படத்தை முடித்தார். இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களிலேயே மிகப் பழையது இதுதான். இரண்டாம் உலகப் போரில், 1945-ல் பெர்லின் நகரில் நடந்த சண்டையில் அதன் மூல நெகட்டிவ் அழிந்துவிட்டது. ஆனால் லண்டனில் ஒரு பழைய பிரதி பத்திரமாக இருந்தது! அதை வைத்துத்தான் பிற்காலத்தில் படத்தை அதன் வண்ணங்களோடு மீட்டார்கள். ஒரு ஊரில் குண்டு விழுந்தால் இன்னொரு ஊரில் இருப்பது காப்பாற்றும். ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஆஸ்வால்ட் முயல். மிக்கி மவுஸுக்கு அண்ணன் என்றே சொல்லலாம். 1927, 1928-ல் டிஸ்னி குழு இந்த முயலை வைத்து 26 குறும்படங்கள் எடுத்தது. பிறகு உரிமை கைவிட்டுப் போனது, அதனால்தான் மிக்கியே பிறந்தது. முயல் படங்கள் பல காணாமல் போயின. இனி இல்லை என்றே பலர் நினைத்தார்கள். அப்புறம் என்ன நடந்தது பாருங்கள்:

2009 – ஆஸ்திரியாவில் ஒன்று.
2011 – இங்கிலாந்தில் ஒன்று.
2014 – நார்வேயின் தேசிய நூலகத்தில் ஒன்று.
2015 – பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் கிடங்கில் ஒன்று.
2018 – ஜப்பானில் ஒன்று. அது அரைகுறைப் பிரதி. அதை ஒருவர் பள்ளி வயதில் 500 யென் கொடுத்து வாங்கி, சுமார் 70 வருடம் வீட்டில் வைத்திருந்தார். மேலே ‘மிக்கி’ என்று பெயர் எழுதியிருந்தது!

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? இந்தப் படங்கள் உண்மையில் தொலையவே இல்லை. பெட்டிக்குள்தான் இருந்தன. அந்தப் பெட்டியில் இருப்பது இந்தப் படம்தான் என்பது உலகத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். லேபிள் சரியில்லை, அல்லது பட்டியலைப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்க ஆள் இல்லை. பிரிட்டனில் கிடைத்த படம்கூட, ஓர் ஆய்வாளர் அந்த நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதுதான்.

ஜப்பானில் இன்னொரு அதிசயம். 1917-ல் வெளியான ‘நமகுரா கதானா’ என்ற படம், ஒசாகா நகரின் பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. 2008-ல் அந்தச் செய்தி வெளியானது. மழுங்கின கத்தியை வாங்கி ஏமாந்த ஒரு சாமுராயின் கதை, நான்கு நிமிடம்கூட நிறைவாக இருக்காது. ஆனால் ஜப்பானிய அனிமேஷனில் இன்று பார்க்கக் கிடைப்பவற்றில் மிகப் பழைய படங்களில் அது ஒன்று. நாம் இன்று விழுந்து விழுந்து பார்க்கிற அனிமே எல்லாவற்றுக்கும் கொள்ளுத் தாத்தா, ஒரு சந்தைக் கடையில் கிடந்திருக்கிறார்!

ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா. அவர்களைப் பற்றிப் படித்த நமக்கு, இந்த மகிழ்ச்சி புரியாமலா போகும்?

வரைந்த கைகள் யாருடையவை?

கார்ட்டூன் வரலாறு என்றால் படங்களைச் சேர்ப்பது மட்டும் இல்லை. அதைச் செய்த மனிதர்களைத் தெரிந்துகொள்வதும்தான்.

மிக்கி மவுஸ் என்றால் வால்ட் டிஸ்னி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மிக்கியின் ஆரம்பப் படங்களைப் பெரும்பாலும் வரைந்து தள்ளியவர் அப் ஐவர்க்ஸ். அவர் பெயர் நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைவிடப் பெரிய வேதனை, பழைய ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் செல் தாள்களில் மை தீட்டி, வண்ணம் பூசியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான தாள்கள். கண் நோக, விரல் நோக வேலை. ஆனால் படத்தில் பெயர் வராது. அந்த நாள் ஊழியர் பட்டியல்கள், கடிதங்கள், புகைப்படங்கள், பேட்டிகள் இவற்றையெல்லாம் தேடித்தான் அவர்களில் பலரின் பெயரைப் பிற்காலத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மைக்கேல் பாரியர் என்ற ஆய்வாளர், தன் நண்பரோடு சேர்ந்து 1969-லிருந்து பழைய கார்ட்டூன் கலைஞர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார். டேப் ரெக்கார்டரும் கையுமாக அலைந்து, நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசி, 1999-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். முப்பது வருட உழைப்பு! பேட்டி கொடுத்த பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் குரல் இருக்கிறது. இதைச் சும்மா பொழுதுபோக்கு என்று சொல்ல முடியுமா?

தப்பான கார்ட்டூனை என்ன செய்வது?

இப்போது ஒரு கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களில் சிலர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். பரவாயில்லை.

பழைய அமெரிக்க கார்ட்டூன்கள் பலவற்றில் கறுப்பின மக்களை மிகக் கேவலமாக வரைந்திருக்கிறார்கள். நாம் ரசித்துப் பார்க்கும் ‘டாம் அண்டு ஜெர்ரி’யின் பழைய படங்களில்கூட அது உண்டு. வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் பதினொன்றை 1968-லேயே தொலைக்காட்சியில் காட்டுவதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

“இவ்வளவு மோசமான படங்களை எதற்குப் பாதுகாக்க வேண்டும்? கொளுத்திவிடலாமே!” என்று கோபம் வருவது நியாயம்தான். ஒரு இனத்தையே கேலிப்பொருளாக்கிச் சிரித்திருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் அழிக்கக் கூடாது என்பதே என் கருத்து. அழித்துவிட்டால் யாருக்கு லாபம்? அவமானப்பட்டவர்களுக்கா? இல்லை. அப்படி வரைந்து காசு பார்த்தவர்களுக்குத்தான் லாபம். “நாங்கள் அப்படியெல்லாம் செய்யவே இல்லையே” என்று நாளைக்குச் சொல்லிவிடலாம். சாட்சியைக் கொளுத்தியது போல் ஆகிவிடும்.

அதற்காகச் சின்னக் குழந்தைகள் பார்க்கிற நேரத்தில் போட்டுக் காட்டச் சொல்கிறேனா? நிச்சயம் இல்லை. பாதுகாப்பது வேறு, ஒளிபரப்புவது வேறு. ஆவணக் காப்பகத்தில் முழுதாக, ஒரு காட்சியும் வெட்டாமல் இருக்க வேண்டும். பார்ப்பவருக்கு “இது இன்ன காலத்தில் வந்தது, இதில் உள்ளது தவறு, அன்றும் தவறு, இன்றும் தவறு” என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். 2000-களில் வெளியான சில பழைய கார்ட்டூன் டி.வி.டி.க்களில் இப்படி ஒரு அறிவிப்பைப் போட்டார்கள். அதுதான் நேர்மையான வழி என்று நினைக்கிறேன். வரலாறு என்றால் நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கிழிக்காமல் வைத்துக்கொள்வது இல்லையே!

“அதான் நெட்ல எல்லாம் இருக்கே!”

இது அடுத்த வாதம். இருக்கிறது, நாளைக்கும் இருக்கும் என்று யார் சொன்னது?

1998-ல் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ கம்ப்யூட்டரில் கொடுத்த ஒரே ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்கப் எடுத்துப் பார்த்தால் அதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை! குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்த ஒரு பெண் அதிகாரியின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதனால் பிழைத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலைமை என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்?

இன்னொன்று. 2000-களில் இணையத்தில் ஓடிய குட்டிக் கார்ட்டூன்கள் ஏராளம் ‘ஃபிளாஷ்’ என்ற மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31-ஓடு அந்த மென்பொருளுக்கான ஆதரவு நின்றது. பிரவுசர்களில் அவை ஓடுவதும் நின்றுபோனது. ஆர்வமுள்ளவர்கள் முன்கூட்டியே சேர்த்து வைத்ததால் பல ஆயிரம் படங்கள் தப்பின. 2022-ல் எச்.பி.ஓ. மேக்ஸ் தளம் பல அனிமேஷன் தொடர்களை ஒரேயடியாகத் தூக்கிவிட்டது. கலைஞர்களே தங்கள் படைப்பைக் காணோமே என்று வருந்தினார்கள். நைட்ரேட் தீயில் எரிந்தது, ஃபைல் ஒரு பட்டனில் மறைகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்ம நாட்டுக் கதை

இந்திய சினிமாவின் தந்தை தாதாசாகேப் பால்கே 1915-ல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு குறும்படம் எடுத்தார். நம் நாட்டு அனிமேஷனின் ஆரம்பம் அது. இன்று அந்தப் படம் நமக்குக் கிடைப்பதில்லை. பால்கேயின் மற்ற படங்களில் எஞ்சியதைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தவர் பி.கே. நாயர். 1964-ல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்தவர். கேரளத்துக்காரர். அவர் மாதிரி நாலு பேர் முன்னாலேயே இருந்திருந்தால் தீக்குச்சிப் படமும் தப்பியிருக்குமோ என்னவோ!

மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் 1957-ல் ஜாதகக் கதை ஒன்றை வைத்து ‘பேன்யன் டீர்’ என்ற கார்ட்டூன் எடுத்தது. 1974-ல் ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ வந்தது. தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களைக் கேட்டால் இன்னும் மறக்கவில்லை என்பார்கள். இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து எடுத்த ராமாயணக் கார்ட்டூன் 1990-களின் தொடக்கத்தில் முடிந்தது. நெடுங்காலம் பலர் அதைத் தியேட்டரில் பார்க்கவே இல்லை. 2025 ஜனவரியில் புதுப்பித்த பிரதி, தமிழ் உட்பட சில மொழிகளில் திரைக்கு வந்தது. முப்பது வருடம் கழித்தும் புதுசு போல வர முடிந்தது என்றால், யாரோ மூலத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

தமிழுக்கு வருவோம். 2007-ல் சுட்டி டி.வி. தொடங்கியது. டோரா தமிழ் பேசினாள். ஜாக்கி சான் நம்ம ஊர் பேச்சில் சண்டை போட்டார். அந்த வசனங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். அதே 2007-ல் ‘இனிமே நாங்கதான்’ என்ற முழுநீளத் தமிழ் அனிமேஷன் படம் இளையராஜா இசையில் வந்தது. இவற்றுக்குத் தமிழ் வசனம் எழுதியது யார்? குரல் கொடுத்தது யார்? டோராவின் தமிழ்க் குரலுக்கு உரியவர் பெயர் நம்மில் ஒருவருக்காவது தெரியுமா? ஆங்கில மூலம் எங்கேயும் கிடைக்கும். தமிழ் ஒலிப்பதிவு போய்விட்டால் போனதுதான், வேறு எந்த நாட்டுப் பெட்டியிலும் அது கிடைக்காது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

நாம் என்ன செய்யலாம்?

பெரிய குளிர்சாதனக் கிடங்கு கட்ட நம்மால் முடியாது. ஆனால் மேலே சொன்ன கதைகளைப் பார்த்தால், பல படங்களைக் காப்பாற்றியது பெரிய கிடங்கு மட்டும் இல்லை, சரியாக எழுதின ஒரு லேபிளும் பொறுமையான ஒரு ஆளும்தான். அது நம்மால் முடியும்.

1. வீட்டில் அண்ணன், அக்கா, சித்தப்பா, மாமா இவர்களிடம் கேளுங்கள்: சின்ன வயதில் என்ன கார்ட்டூன், எந்த சேனலில், எந்த வருடம், எந்த மொழியில் பார்த்தார்கள்? கேட்டதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

2. பரணில் பழைய வீடியோ கேசட், வி.சி.டி. இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். மேலே என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்வால்ட் முயல் ‘மிக்கி’ என்ற பெயரில் 70 வருடம் இருந்ததை மறக்காதீர்கள்!

3. கார்ட்டூன் முடிந்து பெயர்கள் ஓடும்போது சேனலை மாற்றாதீர்கள். ஒரு நிமிடம்தான். வரைந்தவர், குரல் கொடுத்தவர், வசனம் எழுதியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பொது அறிவுப் புத்தகத்தில் ‘உலகின் முதல்’ என்று வந்தால் அப்படியே விழுங்காதீர்கள். “எந்த நாட்டில் முதல்? எந்த முறையில் முதல்? இது யாருக்குத் தெரியும்?” என்று கேளுங்கள். இதுதான் வரலாற்று ஆராய்ச்சியின் அரிச்சுவடி.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளி நூலகத்தில் ஒரு அலமாரித் தட்டு மட்டும் தாருங்கள். நாங்கள் சேர்க்கும் குறிப்புகளை வருட வாரியாக அங்கே அடுக்கி வைக்கிறோம். அதோடு இந்தச் சுவர் இதழின் பழைய தாள்களையும் மாதக் கடைசியில் கிழித்துப் போடாமல் அங்கேயே வையுங்கள். இதுவும் கையால் எழுதி, கையால் படம் வரைந்து, ஒரே ஒரு பிரதியாக இருப்பதுதானே!

கார்ட்டூன் என்பது விளையாட்டுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு காலத்து மனிதர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள், யாரைக் கேலி செய்தார்கள், எவ்வளவு பொறுமையாக உழைத்தார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகி இருக்கிறது. ராஜாக்களின் போர்களை மட்டும் வரலாறு என்று படித்தால் போதாது. சாதாரண மக்களின் சிரிப்பும் வரலாறுதான். அதையும் பத்திரப்படுத்துவோம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள், முக்கியமாக ‘தப்பான கார்ட்டூன்’ பகுதியில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள், ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் அதற்கும் இடம் உண்டு.



– பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு